சுவருக்குள் எந்த கேபிள், பெட்டியில் எந்த வேகம்? லேன் வயரிங் ஒப்பீடு

வீடு கட்டுபவர்களும் சின்ன ஆபீஸ் போடுபவர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: நெட்வொர்க்குக்கு (லேன்) சுவருக்குள் எந்த கேபிள் போடுவது? சுவரில் காடி எடுத்தாயிற்று, இன்னும் நாலைந்து நாளில் பூச்சு வேலை தொடங்கிவிடும். எலக்ட்ரீஷியன் கேட் 6 (கேட் என்றால் கேட்டகரி, கேபிளின் தர வகை) போதும் என்கிறார். கடைக்காரர் கேட் 6ஏ எடுத்துவிடுங்கள், அப்புறம் கவலையே இல்லை என்கிறார். ஐடியில் வேலை பார்க்கும் மச்சான் போனில் கேட் 8 என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, எல்லாம் வைஃபையில் ஓடும்போது ஒயர் எதற்கு என்கிறார்.

கடைசியில் சொன்னவருக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். வைஃபை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் தாண்டி மாடியில் வைஃபை நன்றாகக் கிடைக்க வேண்டுமென்றால், மாடியிலேயே ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னல் தரும் கருவி, இருந்தாக வேண்டும். அதற்குக் கீழிருந்து ஒரு ஒயர் போயாக வேண்டும். ரிப்பீட்டர் வைத்துச் சமாளிக்கலாம்தான், வேகம் பாதியாகும். ஆகவே ஒயர் வேண்டும். எந்த ஒயர் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் போகும் பொருளில் மிச்சம் பிடிக்க வேண்டாம், வெளியே மேஜைமேல் இருக்கும் பெட்டியில், அதாவது ரௌட்டரிலும் ஸ்விட்ச்சிலும் (பல ஒயர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), அவசரப்பட வேண்டாம். அதற்காக, சுவருக்குள் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. கடைக்காரரும் மச்சானும் இடறுவது அந்த இடத்தில்தான்.

## கேபிளுக்கு ஒரு தரநிலை, போர்ட்டுக்கு ஒரு தரநிலை

குழப்பத்தில் பாதி, இரண்டு வேறு தரநிலைகளை ஒன்றாகப் போட்டு உருட்டுவதால் வருகிறது. ஸ்விட்ச், ரௌட்டர், கம்ப்யூட்டர் ஆகியவற்றின் போர்ட் (ஒயர் செருகும் துளை) என்ன வேகத்தில் பேச வேண்டும் என்று வகுப்பது ஐஇஇஇ 802.3 என்ற ஈதர்நெட் தரநிலை. 1 ஜிகாபிட், 2.5 ஜிகாபிட், 10 ஜிகாபிட் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. கேட் 5ஈ, கேட் 6, கேட் 6ஏ என்பவை கேபிளின் தகுதியைச் சொல்லும் தரநிலைகள். அமெரிக்காவில் டிஐஏ-568, மற்ற இடங்களில் ஐஎஸ்ஓ/ஐஈசி 11801. கேபிள் எவ்வளவு மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னலைக் கெடுக்காமல் கொண்டுபோகும் என்பதைத்தான் இவை சொல்கின்றன. கேட் 5ஈ 100 மெகாஹெர்ட்ஸ், கேட் 6 250, கேட் 6ஏ 500.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். இரண்டு பக்கமும் ஜிகாபிட் போர்ட் இருந்தால், ஒழுங்காகப் போட்ட கேட் 5ஈயிலும் ஜிகாபிட்தான், கேட் 6ஏயிலும் அதே ஜிகாபிட்தான். கேபிளை மாற்றினால் நெட் வேகமாகிவிடும் என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

கொஞ்சம் பழைய கதை, முடிவெடுக்க உதவும் என்பதால். ஈதர்நெட் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய அந்த முதல் வடிவத்தின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1983இல் அது 10 மெகாபிட் வேகத்தில் 802.3 தரநிலையானது. அப்போது ஓடியது விரல் தடிமனுள்ள கோஆக்சியல் கேபிளில். இப்போது நாம் பார்க்கும் முறுக்கிய ஜோடிக் கம்பியும் ஆர்ஜே45 முனையும் 1990இல் 10பேஸ்-டி என்ற பெயரில் தரநிலைக்குள் வந்தன. அப்புறம் 1995இல் 100 மெகாபிட், 1999இல் 1 ஜிகாபிட், 2006இல் 10 ஜிகாபிட். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2016இல், 2.5 ஜிகாபிட்டும் 5 ஜிகாபிட்டும்.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? பத்து முதலில் வந்துவிட்டது, இரண்டரை பிறகுதான் வந்தது. காரணம், உலகம் முழுக்கக் கட்டடங்களின் சுவரில் கேட் 5ஈயும் கேட் 6உம் ஏற்கெனவே புதைந்து கிடந்தன. 10 ஜிகாபிட்டை நூறு மீட்டருக்கு அந்தக் கேபிள்கள் தாங்காது. வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகளோ 1 ஜிகாபிட்டைத் தாண்டத் தொடங்கிவிட்டன. சுவரை உடைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் இருக்கிற கேபிளிலேயே ஓடும்படி வேகத்தைக் கொஞ்சம் குறைத்து 802.3பிஇசட் என்ற தரநிலையை எழுதினார்கள். கேட் 5ஈயில் 100 மீட்டருக்கு 2.5 ஜிகாபிட், கேட் 6இல் 100 மீட்டருக்கு 5 ஜிகாபிட். ஊரெல்லாம் புதைந்திருக்கும் கேபிளைத் தரநிலை எழுதுபவர்கள் அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை. நாளைக்கு இது செல்லாக் காசாகிவிடுமோ என்று பயந்து பெரிய எண்ணை வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

தூரம். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். சுவருக்குள் 90, இரண்டு பக்கமும் கருவியோடு இணைக்கும் சின்ன ஒயரான பேட்ச் கார்டுக்கு மொத்தம் 10 என்று கணக்கு. தனி வீட்டில் ஒரு இழுப்பு 15 முதல் 30 மீட்டருக்குள் முடிந்துவிடும். மண்டபம், பள்ளிக்கூடம், ஆலை என்றால் கதை வேறு.

என்ன ஓடப்போகிறது. 4கே படம் ஒன்றுக்கு 25 மெகாபிட் தாராளம். ஒரு சிசிடிவி கேமராவுக்கு 4 முதல் 8 மெகாபிட் வரை. வீட்டு இன்டர்நெட் பல இடங்களில் 100 முதல் 300 மெகாபிட் வரைதான். உள்ளேயே பெரிய ஃபைல்களை நகர்த்துபவர்களுக்கு மட்டும்தான் ஜிகாபிட் போதாமல் போகும். கல்யாண வீடியோ எடிட் செய்பவர், பொது ஸ்டோரேஜ் வைத்திருக்கும் டிசைன் ஆபீஸ், இப்படி.

கேபிளிலேயே மின்சாரம். கேமரா, ஆக்சஸ் பாயின்ட், ஐபி போன் எல்லாம் இப்போது பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பிஓஇ, என்ற இந்த முறையில் ஓடுகின்றன. 2003ஆம் வருஷத் தரநிலையில் போர்ட்டுக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை. கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடாகும். கம்பியின் தடிமனும் உலோகமும் முக்கியமாவது இங்கேதான்.

பைப்பில் இடம். இதைப் பலர் கேபிள் வாங்கி வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

முனை போடும் கை. அருமையான கேபிளையும் மோசமான கிரிம்பிங் கெடுத்துவிடும். உங்கள் ஊரில் கிடைக்கும் ஆளுக்கு எது பழக்கம் என்பதும் ஒரு அளவுகோல்தான்.

## கேட் 5ஈ

பழைய வீட்டில் ஏற்கெனவே கேட் 5ஈ போட்டிருக்கிறது, பிடுங்க வேண்டுமா? வேண்டாம். ஜிகாபிட் நூறு மீட்டர் வரை ஓடும், 2.5 ஜிகாபிட்டும் ஓடும். கேபிள் மெல்லியது, வளைப்பது எளிது, முனை போடுவதும் எளிது.

புதிதாகப் போட? மிச்சமாகும் காசு சொற்பம். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி, அதாவது 305 மீட்டர், பெரும்பாலும் போதும். அந்த ஒரு பெட்டியில் கேட் 5ஈக்கும் கேட் 6க்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் காடி எடுத்த கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுமே இல்லை. கேமராவுக்கு மட்டும் தனியாக இழுக்கும் ஒயர் என்றால் கேட் 5ஈ தாராளமாகப் போதும். கேமராவின் போர்ட்டே பெரும்பாலும் 100 மெகாபிட்தான்.

## கேட் 6

2002இல் தரநிலையானது. கம்பி வழக்கமாக 23 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமனின் அளவு, எண் குறைந்தால் தடிமன் கூடும்), அதாவது கேட் 5ஈயின் 24ஐ விடக் கொஞ்சம் தடிமன். பெரும்பாலான கேட் 6 கேபிள்களில் நடுவில் கூட்டல் குறி வடிவில் ஒரு பிளாஸ்டிக் இருக்கும். நாலு ஜோடியும் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை.

இந்தக் கேபிளைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம், 10 ஜிகாபிட் இதிலும் ஓடும் என்பது. தூரம் மட்டும் குறையும். பக்கத்தில் வேறு கேபிள்கள் நெருக்கமாக இல்லாவிட்டால் 55 மீட்டர் வரை. கட்டுக்கட்டாகக் கேபிள்கள் சேர்ந்து ஓடி, ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசிந்தால், 37 மீட்டர் வரைதான் நம்பலாம். வீட்டில் ஒரு இழுப்பு 30 மீட்டரைத் தாண்டுவதில்லை என்று மேலே பார்த்தோம். கட்டுக்கட்டாக ஓடும் நிலையும் வீட்டில் இல்லை. அப்படியானால் வீட்டுக்கு 10 ஜிகாபிட் வரை கேட் 6 போதும். கேட் 6ஏ வாங்கச் சொல்பவர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் ஜாக்குகள்தான். கேபிள் கேட் 6, சுவர் ஜாக் ஏதோ பழைய கேட் 5ஈ என்று கலந்தால் மொத்த இணைப்பும் கேட் 5ஈ தகுதிக்கு இறங்கிவிடும். கேபிள், ஜாக், பேட்ச் பேனல் (ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பலகை), பேட்ச் கார்டு நான்கையும் ஒரே வகையில் வாங்குங்கள். கேபிளுக்குப் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டு ஜாக்கில் கைவைப்பவர்கள் நிறையப் பேர்.

## கேட் 6ஏ

10 ஜிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் கொண்டுபோகவே உருவான கேபிள் இது. பக்கத்துக் கேபிளின் கசிவையும் தடுக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மூன்றிலும் சிறந்தது இதுதான், சந்தேகமே இல்லை.

செலவு கேபிள் விலையோடு நிற்காது. தடிமன் ஏழு எட்டு மில்லிமீட்டர் வரும். பைப்பின் உள் பரப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பொது விதி. அந்தக் கணக்கில் 20 மில்லிமீட்டர் பைப்பில் கேட் 6 இரண்டு போகும், கேட் 6ஏ ஒன்றுதான் போகும். 25 மில்லிமீட்டர் பைப்பில் நாலுக்கு இரண்டு. கேபிளை வளைக்கும்போது ஆரம் அதன் தடிமனைப் போல நாலு மடங்குக்குக் குறையக் கூடாது. கேட் 6ஏக்கு அது மூன்று சென்டிமீட்டர். சுவரில் பதித்த சின்ன மெட்டல் பாக்ஸுக்குள் இந்தக் கேபிளை மடக்கி ஜாக்கோடு திணிக்க எலக்ட்ரீஷியன் படும் பாட்டைப் பார்த்தால் புரியும். கடைசியில் அவர் பிளையரால் நெருக்கி உள்ளே தள்ளுவார். அந்த ஒரு நெருக்கலில் கேட் 6ஏக்குக் கொடுத்த காசில் பாதி போய்விடும்.

கேட் 6ஏயில் பாதிக்கு மேல் ஃபாயில் சுற்றிய வகையாகத்தான் கடையில் கிடைக்கும். ஃபாயில் வேலை செய்ய அது எர்த்தோடு சேர வேண்டும். அதற்கு மெட்டல் ஜாக், எர்த் செய்த ரேக், ஒழுங்கான எர்த் குழி எல்லாம் வேண்டும். எர்த் இல்லாத ஃபாயிலால் பிரயோசனம் இல்லை. சில இடங்களில் அதுவே ஆன்டெனா மாதிரி இரைச்சலை இழுக்கும்.

யாருக்கு நல்லது? ஐம்பது அறுபது பேர் உட்காரும் ஆபீஸ், நாற்பது மீட்டருக்கு மேல் நீளும் இழுப்புகள், ஒரே தட்டில் இருபது முப்பது கேபிள்கள் சேர்ந்து ஓடும் இடம், 60 அல்லது 90 வாட் பிஓஇ கருவிகள் நிறைய உள்ள இடம். அங்கே கேட் 6ஏ போடாவிட்டால்தான் தப்பு. அங்கே முனை போட வருபவர்களும் அளக்கும் கருவியோடு வருவார்கள், எலக்ட்ரிக் வேலையின் நடுவே நெட்வொர்க் வேலையும் பார்ப்பவர்கள் அல்ல.

## கேட் 7, கேட் 8

சுருக்கமாகவே முடித்துவிடலாம். கேட் 7ஐ டிஐஏ அங்கீகரிக்கவே இல்லை. ஐஎஸ்ஓ தரநிலையில் அதற்கென்று ஜிஜி45, டெரா என்ற வேறு வகை முனைகள் உண்டு. ஆன்லைனில் ஆர்ஜே45 முனையோடு கேட் 7 என்று விற்பது பெரும்பாலும் பெயருக்குத்தான். கேட் 8 நிஜமான தரநிலை, 2000 மெகாஹெர்ட்ஸ், 25 மற்றும் 40 ஜிகாபிட்டுக்கு. ஆனால் எல்லை 30 மீட்டர்தான்; டேட்டா சென்டரில் ஒரு ரேக்கிலிருந்து பக்கத்து ரேக்குக்குப் போக எழுதியது. மச்சான் சொன்னது தப்பில்லை, அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு.

## ஃபைபர்

தூரம் நூறு மீட்டரைத் தாண்டினால் ஃபைபர், அதாவது ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை, என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரண்டு தனிக் கட்டடங்களுக்கு நடுவில், இருபது மீட்டராக இருந்தாலும் ஃபைபர்தான் போட வேண்டும். வீட்டுக்கும் தோட்டத்து மோட்டார் அறைக்கும், கடைக்கும் பின்னால் உள்ள குடோனுக்கும், பள்ளியின் இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவில். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. ஐப்பசியில் பக்கத்தில் ஒரு இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். நடுவில் செம்புக் கம்பி இருந்தால் அது பாய வழி கிடைத்துவிடும். ஸ்விட்ச் போர்ட், கேமரா, சில சமயம் டிவிஆர் வரைக்கும் போகும். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் கேபிளுக்குள் பலத்துக்காகச் சில சமயம் இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள். கட்டடங்களுக்கு நடுவே அது இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபைபரில் இரண்டு வகை. சிங்கிள் மோடா, மல்டி மோடா? சிங்கிள் மோட். மல்டி மோடில் ஓஎம்3 வகை 10 ஜிகாபிட்டை 300 மீட்டர் கொண்டுபோகும், சிங்கிள் மோட் 10 கிலோமீட்டர். நாளைக்கு வேகம் கூட்ட நினைத்தாலும் கண்ணாடியைத் தொட வேண்டாம், இரண்டு முனையிலும் ஃபைபரை ஸ்விட்ச்சோடு இணைக்கும் மாட்யூலை மாற்றினால் போதும். இன்னொரு வசதியும் இருக்கிறது. தெருவில் இன்டர்நெட் ஃபைபர் இழுக்கும் தம்பிகள் எல்லோருக்கும் பழக்கமானது சிங்கிள் மோட்தான், இழையை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினும் அவர்களிடமே இருக்கிறது. அரை மணி நேர வேலை.

அவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள். இன்டர்நெட் இணைப்புக்கு அவர்கள் போடும் பச்சை நிற முனையின் முகம் சாய்வாகத் தேய்த்தது. ஸ்விட்ச் மாட்யூல்களுக்கு வேண்டியது நீல நிற எல்சி முனை, அதன் முகம் சாய்வில்லாதது. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் இரண்டு முகமும் ஒட்டாமல் ஒளி வீணாகும், முகமே கீறிவிடவும் கூடும்.

ஃபைபரின் குறை, அது மின்சாரம் கொண்டுபோகாது. அந்தப் பக்கம் கேமரா இருந்தால் அங்கே ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச்சும் அதற்குக் கரண்டும் வேண்டும். கரண்ட் போனால் கேமராவும் போகும், ஆகவே ஒரு யூபிஎஸ். இரண்டு முனை மாட்யூல், ஸ்ப்ளைசிங் கூலி, யூபிஎஸ் எல்லாம் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். வீட்டுக்குள் அறைக்கு அறை ஃபைபர் போடுவது இப்போதைக்கு ஆசைதானே தவிரத் தேவை இல்லை.

## ஒரு பார்வையில்

| | கேட் 5ஈ | கேட் 6 | கேட் 6ஏ | சிங்கிள் மோட் ஃபைபர் |
|---|---|---|---|---|
| 1 ஜிகாபிட் | 100 மீ | 100 மீ | 100 மீ | கிலோமீட்டர் கணக்கில் |
| 2.5 ஜிகாபிட் | 100 மீ | 100 மீ | 100 மீ | தேவைப்படாது, நேராக 10 |
| 10 ஜிகாபிட் | நம்ப வேண்டாம் | 37 முதல் 55 மீ | 100 மீ | 10 கி.மீ. |
| பிஓஇ | உண்டு | உண்டு | உண்டு, சூடு குறைவு | இல்லை |
| 25 மி.மீ. பைப்பில் | நாலைந்து | நாலு | இரண்டு | நிறைய |
| முனை போடுவது | எளிது | எளிது | கை பழக வேண்டும் | ஸ்ப்ளைசிங் மெஷின் |
| மறை செலவு | திரும்பப் போடும் நாள் வந்தால் | ஜாக் வகை | பெரிய பைப், எர்த், மெட்டல் ஜாக் | மாட்யூல், அந்தப் பக்கம் கரண்ட் |
| பொருத்தம் | பழைய வீடு, கேமரா | புது வீடு, சின்ன ஆபீஸ் | பெரிய ஆபீஸ் | கட்டடத்துக்குக் கட்டடம் |

## பெட்டியின் வேகம்: 1, 2.5, 10

ஜிகாபிட்டில் ஃபைல் நகர்த்தினால் நொடிக்கு 110 மெகாபைட் சொச்சம் கிடைக்கும். 2.5இல் 280 பக்கம். ஸ்டோரேஜில் இருப்பது சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்று என்றால் அதன் வேகமே 150லிருந்து 250 வரைதான், அதற்கு மேல் நெட்வொர்க் இருந்து என்ன பயன்? எஸ்எஸ்டி வைத்த ஸ்டோரேஜிலிருந்து நேராக எடிட் செய்பவர்களுக்குத்தான் 10 ஜிகாபிட்டின் அருமை தெரியும்.

மற்ற எல்லோருக்கும் இன்றைக்கு ஜிகாபிட் ஸ்விட்ச் போதும். வைஃபை 6 அல்லது 7 ஆக்சஸ் பாயின்ட்டில் 2.5 போர்ட் இருந்து, உள்ளே ஸ்டோரேஜும் இருந்தால், 2.5 ஸ்விட்ச் ஒன்று வாங்கலாம். இன்டர்நெட்டுக்காக மட்டும் என்றால் 300 மெகாபிட் பிளானுக்கு 2.5 ஸ்விட்ச் வாங்குவது வீண்.

10 ஜிகாபிட் வேண்டும் என்று முடிவு செய்தால் செம்பு போர்ட்டின் சூட்டைக் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு போர்ட்டும் சில வாட் தின்னும். அதனால் பல ஸ்விட்ச்களில் ஃபேன் இருக்கும், அது இரவில் இரையும். எஸ்எஃப்பி பிளஸ் என்ற மாட்யூல் துளையில் மாட்டும் செம்பு மாட்யூல்கள் தொட முடியாத அளவுக்குச் சுடும், பலவற்றுக்கு எல்லை 30 மீட்டர்தான். ஸ்டோரேஜும் ஸ்விட்ச்சும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டையும் டிஏசி என்ற நேரடிக் கேபிளால் இணைத்துவிடுங்கள். விலை குறைவு, சூடும் இல்லை.

தப்பித்தவறிக்கூட வாங்கக் கூடாதது 100 மெகாபிட் ஸ்விட்ச். 1995ஆம் வருஷத் தரநிலை, இன்னும் கடையில் 10/100 என்று அச்சடித்து மலிவாகக் கிடக்கிறது. இன்டர்நெட் கம்பெனிகள் தரும் ரௌட்டர்களிலும் நாலு போர்ட்டில் ஒன்று மட்டும் ஜிகாபிட், மீதி மூன்றும் 100 என்று இருப்பதுண்டு. ஸ்விட்ச்சை அந்த ஒன்றில் செருக வேண்டும்.

## செம்பா, செம்பு முலாம் பூசிய அலுமினியமா

இத்தனை ஒப்பீட்டையும் ஒன்றுமில்லாமல் செய்துவிடக்கூடிய விஷயம் இதுதான். கேட் 6 என்று அச்சடித்த பெட்டியில் சிசிஏ கேபிள் வருகிறது. அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல். விலை பாதி. டிஐஏ தரநிலைப்படி கம்பி செம்பாக இருக்க வேண்டும், ஆகவே சிசிஏ எந்த கேட்டிலும் சேராது. மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிஓஇ கேமரா பகலில் ஓடும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து மின்சாரம் கூடுதலாக இழுக்கும்போது அணைந்து அணைந்து எரியும். கேமராவை மாற்றிப் பார்ப்பார்கள், ஸ்விட்ச்சை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிள் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அலுமினியம் நாலு முறை வளைத்தால் முறிந்தும் போகும், அதுவும் ஜாக் பக்கத்திலேயே.

கண்டுபிடிப்பது எளிது. பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். 23 ஏடபிள்யூஜி கேட் 6இல் 305 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே ஐந்தரை கிலோவுக்கு மேல் வரும், மேலே உறையின் எடை வேறு. சிசிஏ என்றால் கம்பியின் எடை இரண்டு கிலோ சொச்சம்தான். கை சொல்லிவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டு வெட்டி, கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி, வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல செம்பு கேட் 5ஈ, சிசிஏ போட்ட கேட் 6ஏயை விட எத்தனையோ மேல்.

## நான் போடச் சொல்வது

புதிதாகக் கட்டும் வீட்டுக்கு, ஃபாயில் இல்லாத செம்பு கேட் 6. அறைக்கு ஒன்றல்ல, இரண்டு இழுப்பு. டிவி இருக்கும் இடத்தில் மூன்று. ஒவ்வொரு மாடியிலும் கூரையில் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு ஒன்று, வாசலில் கேமராவுக்கு ஒன்று. கேட் 6ஏக்குச் செலவழிக்க நினைத்த கூடுதல் காசில் 25 மில்லிமீட்டர் பைப் போட்டு, உள்ளே ஒரு இழுவைக் கம்பியை விட்டு வையுங்கள். என்றைக்காவது வேறு கேபிள் வேண்டுமென்றால் பழையதை உருவிப் புதியதைக் கோத்துவிடலாம். கரண்ட் ஒயர் ஓடும் பைப்பில் மட்டும் இதைச் சேர்க்கக் கூடாது; தனிப் பைப், தனி பாக்ஸ், குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர் குறுக்காக.

வாடகை வீடு, உடைக்க முடியாது என்றால் சுவரோரம் கேசிங் போட்டு கேட் 6 இழுங்கள். ஏற்கெனவே கேட் 5ஈ இருந்தால் தொட வேண்டாம். பத்துப் பதினைந்து பேர் ஆபீஸ், எல்லாம் ஒரே தளம் என்றால் கேட் 6. வீடியோ எடிட்டிங் ஆபீஸாக இருந்து, ஸ்டோரேஜ் அறையிலிருந்து மேஜைகள் முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால், அந்த மேஜைகளுக்கு மட்டும் கேட் 6ஏ. எல்லாவற்றுக்கும் ஒரே கேபிள்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பூச்சு வேலைக்கு முன் சோதிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடுவார்கள். எட்டுக் கம்பியும் தொடர்பில் இருக்கின்றன என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. நிறங்களை ஜோடி ஜோடியாக அப்படியே வரிசையில் அடுக்கி இரண்டு பக்கமும் கிரிம்ப் செய்தாலும் விளக்கு எட்டும் எரியும். ஆனால் 3, 6ஆம் கம்பிகள் ஒரே ஜோடியாக இருந்தாக வேண்டும். அது தப்பினால் முறுக்கு பயனற்றுப் போய் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலக்கும். சரியான வரிசை, டி568பி எனப்படும் பி முறையில்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

அப்புறம் ஒரு லேப்டாப்பையும் ஜிகாபிட் ஸ்விட்ச்சையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாக்காகச் செருகிப் பாருங்கள். லேப்டாப்பில் இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் எங்கோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். 1000 காட்டிய பிறகும் நிம்மதியடையாமல், சில ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலை அந்த ஜாக் வழியாகக் காப்பி செய்து பாருங்கள். நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் நிதானமாக ஓடினால் அந்த ஜாக் சரி, ஏறி இறங்கினால் முனையை வெட்டிவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். எல்லா ஜாக்கும் தேறிய பிறகு மேஸ்திரியைக் கூப்பிடலாம்.